சிதைவோவியங்களும் மறைந்த நாகரிகக் கொள்கைகளும்: மாமல்லையை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

1. இரண்டு ஊர்கள்

சேலையூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பல்லாவரமும், தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் மாமல்லபுரமும் அமைந்துள்ளன. தொண்டைநாட்டின் இவ்விரண்டு ஊர்களும் பழமையாராய்ச்சியின் இருவேறு நெறிகளுக்கு நிலைக்களன்களாய் விளங்குகின்றன. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்தில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அக்கல்லிலிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முக்கால் நூற்றாண்டிற்கு முன்னர், 1788ஆம் ஆண்டில், மாமல்லபுரத்தைப்பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை வெளியாயிற்று. கடலுள் ஆழ்ந்த பெருநகர் ஒன்றன் கதை அக்கட்டுரையின் வாயிலாக மேனாடெங்கும் பரவிற்று.

பல்லாவரத்துக் கல் கைக்குள் அடங்குவது. கண்ணைக் கவரும் வனப்பு யாதும் இல்லாதது. மாமல்லையின் மூழ்கிய நகரோ, சொல்லப்பட்ட வடிவில் எவரும் கண்டறியாதது. ஆயினும் பாட்டிலும் படத்திலும் பேரழகு பெற்றது. கல்லை அறிந்தார் மிகச் சிலர். நகரை அறிந்தார் மிகப் பலர். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, சிதைவுகளைக் காட்டும் பழைய ஓவியங்கள் மறைந்த நாகரிகக் கொள்கைகட்கு எவ்வாறு அடிப்படையாயின, அவ்வோவியங்களை வரலாற்று மாணவர் எவ்வளவிற்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

2. ஓவியம் எவ்வகை அளவை?

மெய்ப்பொருளை அறியும் கருவிகளை அளவை என்பர் நம் முன்னோர். காண்டல், கருதல், உரை என அவற்றை மூன்றாக அடக்குதல் சைவ சித்தாந்த மரபு. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை அளவைகளைப் பத்தாக விரிக்கின்றது. அப்பத்தனுள் ஐதிகம் என்பது ஒன்று. ஒரு மரத்தில் பேய் உண்டென ஊரார் வழிவழியாகக் கூறுதலால் அதனை உண்மையெனத் தெளிதல் ஐதிகத்திற்குக் காட்டாகத் தரப்படுகின்றது.

ஓர் ஓவியத்தைக் காணும்போது நம் கண்முன் நிற்பது ஓவியமேயன்றி, அது காட்டும் பொருளன்று. ஆகலின், ஓவியம் நமக்குக் காண்டலளவை ஆகாது. ஓவியன் கண்டான்; கண்டதைத் தன் மரபிற்கும் நோக்கிற்கும் ஏற்ப வரைந்து நமக்கு உரைத்தான்; எனவே அஃது உரையளவையின்பாற்படும். உரையைக் கொள்ளுமுன் உரைத்தவன் யார், அவன் நேரிற் கண்டானா, எந்நோக்கத்தால் உரைத்தான் என வினவுதல் அளவை நூலார்க்கு உடன்பாடு. மறைந்த நாகரிகக் கொள்கையினர் செய்யும் முதற் பிழை, உரையைக் காண்டலாகக் கொள்வதே. படத்தில் கண்களுக்கு நேரே தோன்றுவதனால் பொருளையே கண்டதாக மனம் மயங்குகின்றது. ஏட்டில் எழுதிய கூற்றை ஐயுறும் அறிஞரும் தீட்டிய கூற்றை ஐயுறாது விடுவது இம்மயக்கத்தாலேயாம்.

3. மேனாட்டுச் சிதைவோவிய மரபு

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிதைவுகளை வரைதல் தனியொரு கலைவகையாகவே வளர்ந்தது. உரோம நகரின் பழங்கட்டடங்களைச் செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிட்ட பிரானேசி அம்மரபிற் தலைசிறந்தவர். 1756ஆம் ஆண்டில் உரோமத் தொன்மைகள் பற்றிய அவருடைய பெருந்தொகுதி வெளிவந்தது. அவர் 1778ஆம் ஆண்டில் மறைந்தார். கட்டடங்களை ஓங்கி உயர்ந்தனவாகவும் மாந்தரை மிகச் சிறியராகவும் காட்டுதல் அவர்தம் வழக்கம். அவர் காலத்தவரான பானினி, வெவ்வேறிடத்துச் சிதைவுகளை ஒரே நிலக்காட்சியில் அருகருகே அமைத்து வரைந்தார். அத்தகைய கற்பனைக் கோவைகளை வாங்குவார் அவற்றைக் கற்பனை என்று அறிந்தே வாங்கினர்.

இம்மரபு எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1796ஆம் ஆண்டில் உபேர் ரொபேர் என்னும் பிரெஞ்சு ஓவியர், பாரிசு மாநகரின் லூவர் மாளிகைப் பெருங்கூடத்தைக் கூரையிழந்த சிதைவாகத் தீட்டினார். அக்கூடம் அன்று சிதையவில்லை, இன்றும் சிதையவில்லை. 1830ஆம் ஆண்டில் யோசப் காண்டி என்பவர், இங்கிலாந்து வங்கியின் கட்டடத்தை அதனைக் கட்டிய சோன் என்னும் கட்டடக் கலைஞரின் வாழ்நாளிலேயே, பாழடைந்த நகரம்போல் வரைந்து காட்டினார். வங்கியில் அன்றும் பணம் எண்ணப்பட்டுக் கொண்டிருந்தது.

இவ்வோவியங்களைத் திரட்டிவைத்துக்கொண்டு, அண்மை நூற்றாண்டுகளில் உலகளாவிய பேரரசு ஒன்று இருந்ததென்றும், சேற்றுப் பெருவெள்ளம் ஒன்றால் அது புதையுண்டதென்றும், அதன் வரலாறு திட்டமிட்டு மறைக்கப்பட்டதென்றும் கூறுவார் இக்காலத்திற் பலர். தார்த்தாரிக் கொள்கை என அதனை வழங்குவர். பிரானேசியின் படங்களில் வளைவுகளும் தூண்களும் பாதியளவு மண்ணுள் புதைந்து நிற்பதை அவர்கள் தலைமைச் சான்றாகக் காட்டுவர். படத்தில் உள்ளது உண்மையே. உரோமப் பொதுமன்றம் அன்று அவ்வாறே புதைந்து கிடந்தது. ஆயின், அதற்குக் காரணம் ஒரு நாள் வெள்ளமன்று. தைபர் ஆற்றின் வண்டலும், இடிந்த கட்டடங்களின் செங்கற்குவையும், நகர மாந்தர் பல நூற்றாண்டுகளாகக் கொட்டிய குப்பையும் சேர்ந்து நிலமட்டத்தை உயர்த்தின. பின்னர் அகழ்ந்தபோது அம்மண் அடுக்கடுக்காக அமைந்திருந்தமை புலனாயிற்று. அடுக்குகள் காலத்தைக் காட்டும். படம் அடுக்கைக் காட்டாது. மண்ணின் மேற்பரப்பை மட்டும் காட்டும் ஒன்றைக்கொண்டு மண்ணுள் நிகழ்ந்ததைத் துணிதல் இயலாது என்க.

4. மாமல்லையும் ஏழு கோயிற் கதையும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மாமல்லபுரத்தை ஐரோப்பியக் கடலோடிகள் ஏழு கோயில் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772ஆம் ஆண்டிலும் 1776ஆம் ஆண்டிலும் அவ்வூரைக் கண்டவர். பல ஆண்டுகள் கழித்துத் தம் நினைவிலிருந்து எழுதிய கட்டுரை, ஆசியக் கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் 1788ஆம் ஆண்டு வெளிவந்தது. மாவலி மன்னன் வழிவந்தோர் ஆண்ட பெருநகரின் செல்வத்தைக் கண்டு தேவர்கோன் அழுக்காறு கொண்டு கடலை ஏவினான் என்னும் கதையை அவர் கேட்டு எழுதினார். ஊர் முதியோர் சிலர் கடலுள் கோயில்களின் முடிகளைக் கண்டதாகவும், செம்பு வேய்ந்து பொன் பூசிய அம்முடிகள் ஞாயிறு எழும்போது ஒளிவிட்டதாகவும், செம்பு களிம்பேறியமையால் பின்னர் அவ்வொளி தோன்றவில்லை எனவும் கூறியதாக அவர் குறித்துள்ளார்.

இவ்வுரையின் அமைப்பு ஊன்றி நோக்கற்பாலது. கண்டோர் முதியோர், கேட்டோர் இளையோர், எழுதியவர் அயலார், எழுதியதும் நினைவிலிருந்து. மேலும், இப்பொழுது ஏன் தோன்றவில்லை என்னும் வினாவிற்குரிய விடை கதையுள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. தன்னைச் சோதித்தற்கு இடந்தராத கூற்று இது. மணிமேகலை காட்டும் ஐதிகத்திற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டுவதில்லை.

சேம்பர்ஸ் மற்றொன்றும் செய்தார். பாறைத் தளியொன்றிற் கண்ட பிளவைக்கொண்டு, இயற்கையின் பேரதிர்ச்சி ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனக் கருதினார். இக்கருத்துக் கதைக்கு அறிவியற் சாயலை அளித்தது. 1810ஆம் ஆண்டில் இராபர்ட் சவுதி என்னும் ஆங்கிலப் புலவர், கெகாமாவின் சாபம் என்னும் தம் நெடும்பாட்டில் மூழ்கிய மாவலி நகரை முத்தும் பவளமும் சூழப் படைத்துக் காட்டினார். சவுதி இந்திய மண்ணை மிதித்தவரல்லர். அவருக்கு வாய்த்தவை சேம்பர்ஸ் போன்றோர் எழுதிய கட்டுரைகளே. இதன்பின் மாமல்லைக்கு வந்த மேனாட்டார் பலர் கடற்கரையைக் காணுமுன்னரே அப்பாட்டின் வழியாக நகரத்தைக் கண்டுவிட்டனர்.

இக்காலத்தே தாமஸ் தானியேல், அவர் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் தானியேல் ஆகிய இருவரும் வரைந்த கீழைநாட்டுக் காட்சிப் படங்கள் இலண்டனில் 1795 முதல் 1808 வரை 144 தகடுகளாக வெளியாயின. மாமல்லைக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். இருட்பெட்டி என்னும் கருவியின் துணையால் அவர்கள் களத்திலேயே கோடுகளை வரைந்துகொண்டனர். ஆகலின் கட்டடங்களின் அளவும் அமைப்பும் பெரும்பாலும் நம்பத்தக்கன. ஆயினும், ஒளியும் நிழலும் முகிலும் பின்னர்த் தகட்டிற் சேர்க்கப்பட்டவை. அவற்றில் தோன்றும் துயரம் மாமல்லையின் துயரமன்று. உரோமச் சிதைவுகளைப் பார்த்துப் பழகிய கண்களின் துயரமாகும்.

5. சிதைந்ததும் முடியாததும்

யாம் இக்கட்டுரையில் சிறப்பாக வலியுறுத்த விரும்புவது இதுவே. மாமல்லையில் மேனாட்டு ஓவியர் சிதைவு எனக் கண்டவற்றுள் பெரும்பகுதி சிதைவே அன்று. தொடங்கி முடிக்கப்பெறாத பணி. ஐந்து தேர்கள் என வழங்கும் ஒற்றைக்கல் தளிகளை நோக்குக. மேற்பகுதி நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கவும், அடிப்பகுதி பாறையாகவே நிற்றலைப் பலவற்றிற் காணலாம். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வருதல் பல்லவர் காலத் தச்சர்தம் முறை. பணி நின்றபோது அடிப்பகுதி நின்றுவிட்டது. பிடாரித் தேர்களும் வலையன்குட்டைத் தேரும் இவ்வாறே முற்றுப்பெறாதன. பெரும்பாறைச் சிற்பத்திற்கு அண்மையிலேயே அதனை ஒத்த முற்றுப்பெறாச் சிற்பமொன்றும் உள்ளது.

சிதைவு என்பது அழிவின் விளைவு. அதற்கு ஊழிப் பெருங்காற்றையோ கடல்கோளையோ காரணமாகத் தேடுவோம். முடியாமை என்பது பணி இடைநின்றதன் விளைவு. அதற்கு அரசன் மறைவையோ, போரையோ, பொருள் முட்டுப்பாட்டையோ, பாறையிற் கண்ட குறையையோ காரணமாகத் தேடுவோம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். ஓவியத்தில் இன்னும் ஒன்றுபோல் தோன்றும். உளியின் தடத்தைக் கையால் தடவி அறிந்தவனுக்கே வேறுபாடு புலப்படும். மூழ்கிய நகரக் கொள்கையின் ஒரு வேர் இம்மயக்கத்திலேயே ஊன்றியுள்ளது.

ஓவியம் காட்டாததனால் ஒன்று இல்லை எனத் துணிதலும் பிழையே. கடற்கரைக் கோயிலின் வடபால் மணலை அகற்றியபோது 1990ஆம் ஆண்டில் சிறு தளியொன்றும் வராகச் சிற்பமும் கிணறும் வெளிப்பட்டன. பழைய படங்கள் எவையும் அவற்றைக் காட்டியிருத்தல் இயலாது. அவை அன்று மணலுள் இருந்தன. எனவே படத்தில் உள்ளது கொண்டு உண்மை துணிதலும், இல்லாதது கொண்டு இன்மை துணிதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே விலக்கற்பாலன.

மாமல்லையின் காலத்தை அறிவித்தது யாது? கல்வெட்டே. பெஞ்சமின் கை பாபிங்டன் என்பார் அவ்வூர்ச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த கட்டுரை, அரச ஆசியக் கழகத்தின் தொகுதியில் 1830ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிய பின்னரே மாவலி மறைந்து பல்லவர் வெளிப்பட்டனர். கடற்கரைக் கோயில் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுந்தது என இன்று தெளிவாக அறிகின்றோம்.

6. கடலடியில் கண்டவை

மூழ்கிய நகர் முற்றும் பொய்யோ எனின், அவ்வாறு கூறுதலும் துணிபாகாது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் இங்கிலாந்து நாட்டு அறிவியல் ஆய்வுப் பயணக் கழகத்தாரும் இணைந்து மாமல்லைக் கடலுள் மூழ்கி ஆராய்ந்தனர். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கற்கட்டடப் பகுதிகளும் சுவர்களும் சிதறிய செதுக்கற் கற்களும் காணப்பட்டன. இப்பயணத்திற்குத் தூண்டுகோலாய் இருந்தவர்களுள் ஒருவரான கிரகாம் கான்காக், அவ்வாண்டில் வெளியிட்ட தம் நூலில், பனியூழி முடிவில் உயர்ந்த கடலால் அழிந்த மிகப் பழைய நாகரிகங்களின் கொள்கைக்கு இவற்றைத் துணையாக்கினார். ஆய்வு நிறுவனத்தாரோ, அவை பல்லவர் காலத்தனவாகலாம் என்றே கருதினர்.

இவ்விரு கருத்துகளுள் வலியது எது? பனியூழி உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றையினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆறாயிரம் ஏழாயிரம் ஆண்டுகட்கு முன்னர் இன்றைய நிலையை அணுகிற்று. கடல்மட்டத்தை மட்டும் நோக்கின் கட்டடங்களை அத்துணைப் பழமைக்குக் கொண்டுசெல்லுதல் எளிதாகத் தோன்றும். ஆயின் இக்கரையைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வருகின்றது. அவ்வரிப்பு ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 55 செண்டிமீட்டர் எனக் கணித்துள்ளனர். 1,500 ஆண்டுகளாக இவ்வளவே நிகழ்ந்ததாகக் கொள்ளின், கரை அன்று 800 மீட்டர் அளவு கிழக்கே இருந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், கண்ட கட்டடங்கள் அனைத்தும் பல்லவர் காலத்தில் நிலத்தின்மேல் நின்றனவேயாம். எளிய காரணம் ஒன்று பொருந்த, அரிய காரணத்தை நாடுதல் வேண்டா.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடல் முதலில் உள்வாங்கியது; கற்கள் வரிசையாய்த் தோன்றின எனக் கண்டோர் கூறினர். அலை மணலை அரித்ததனால் செதுக்கிய பாறைகளும் வெளிப்பட்டன. இவற்றினும் சிறந்த பயன் சாளுவன்குப்பத்தில் விளைந்தது. அங்கே பாறையொன்றில் வெளிப்பட்ட கல்வெட்டு, திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தது. அக்குறிப்பைப் பின்பற்றி இந்தியத் தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மேட்டை அகழ்ந்தனர். பல்லவர் காலக் கற்கோயிலின் அடியில், அதனினும் பழைய செங்கற்கோயில் ஒன்று காணப்பட்டது. மறைந்த கோயில் உண்மையாகவே இருந்தது. ஆயின் அதனைக் காட்டியது ஓவியமன்று. படிக்கப்பட்ட எழுத்தும், அகழப்பட்ட மண்ணடுக்குமேயாம்.

7. கொள்கையால் இழப்பார் யார்?

இத்தகைய கொள்கைகளை வேடிக்கையெனக் கருதி ஒதுக்கலாமே, இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். இக்கொள்கைகட்கு ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்துவோர் பெரும்பாலும் அச்சின்னங்களின் மரபுரிமையாளரே என்பது எம் விடை.

நடு அமெரிக்காவின் மாயர் நகரங்களைப் பாருங்கள். 1830களில் வால்தெக் என்னும் ஓவியர் பலங்கே நகரின் சிற்பங்களை வரைந்தபோது, யானைத்தலை போன்ற உருவங்களையும் தம் படங்களிற் புகுத்தினார். அமெரிக்காவில் அக்காலத்து யானை இல்லாமையின், அந்நகரங்களைக் கீழ்த்திசையிலிருந்து வந்தோரே கட்டினர் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1924ஆம் ஆண்டில் எலியட் சுமித் என்னும் உடற்கூற்று அறிஞர், கொப்பான் நகரத் தூண் ஒன்றன் உருவத்தைப் பாகனோடு கூடிய இந்திய யானை என வாதித்துத் தனி நூலே எழுதினார். அவ்வுருவம் அந்நாட்டுப் பெருங்கிளியின் அலகு என்பது பிற அறிஞர்தம் முடிவு. மாறாக, 1839ஆம் ஆண்டில் அந்நகரங்களுக்குச் சென்ற ஸ்டீவன்சும் அவருடன் சென்ற ஓவியர் காதர்வுட்டும், கண்டதைக் கண்டவாறு வரைந்து, அங்கு வாழும் மக்களின் முன்னோரே அவற்றைக் கட்டினர் என 1841ஆம் ஆண்டில் எழுதினர். அதே சிற்பங்கள், அதே காலம், ஓவியனின் நேர்மை ஒன்றே வேறுபாடு.

ஆப்பிரிக்காவின் பெருஞ்சிம்பாப்வேயும் இவ்வாறே துன்புற்றது. 1871ஆம் ஆண்டில் அதனைக் கண்ட மாவுக் என்பவர் சீபா நாட்டரசியோடு அதனைத் தொடர்புபடுத்தினார். 1905ஆம் ஆண்டில் மக்கைவரும், 1929ஆம் ஆண்டில் கேட்டன் தாம்சன் அம்மையாரும் அகழ்ந்து ஆராய்ந்து, அஃது ஆப்பிரிக்க மக்களே கட்டிய நகரம் என நிறுவினர். மறைந்த இனம் ஒன்றைக் கற்பிப்பதனால் வாழும் இனம் தன் முன்னோரை இழக்கின்றது என்பதே இவ்வரலாறுகளின் பாடம்.

8. நிலப்படமும் ஓர் ஓவியமே

பிறரைக் குறைகூறுங்கால் நம்மையும் ஆராய்தல் கடன். பல்லாவரத்துக் கல் கிடைத்த மறு ஆண்டே, 1864ஆம் ஆண்டில், பிலிப் சிளேட்டர் என்னும் விலங்கியலறிஞர் மடகாசுகர்த் தீவின் விலங்குகளை ஆராய்ந்து, இந்தியாவையும் அத்தீவையும் இணைத்த நிலப்பரப்பொன்று இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, இலெமூரியா என அதற்குப் பெயரிட்டார். இலெமூர் என்னும் விலங்கினம் பரவியதை விளக்க எழுந்த கருத்து அது; மக்கள் நாகரிகம் அவர் பேச்சில் இல்லை. பின்னர்ப் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலிய மறைஞானக் கொள்கையினர் அதனில் மக்களைக் குடியேற்றினர். 1904ஆம் ஆண்டில் சுகாட் எலியட் என்பார் அதற்கு நிலப்படங்களும் வரைந்து வெளியிட்டார்.

நம் உரையாசிரியர்கள் கூறும் கடல்கோட் செய்திகள் இவற்றிற்கு மிக முற்பட்டன. இறையனார் களவியலுரை மூன்று சங்கங்கட்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் கூறும். அடியார்க்குநல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட 700 காவத நிலத்தையும், அதன்கண் 49 நாடுகளையும் குறிப்பர். இவை நம் இலக்கிய மரபின் அரிய செய்திகள். கடல் கொண்ட நிலத்தைப்பற்றிய நினைவு அவற்றுள் உறைந்திருத்தல் கூடும். 1964ஆம் ஆண்டு திசம்பரில் தனுக்கோடி அழிந்ததைக் கண்ட தலைமுறைக்குக் கடல்கோள் புதுமையன்று. ஆயின் உரையாசிரியர் எவரும் நிலப்படம் வரையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இவ்வுரைச் செய்திகளையும் இலெமூரியாவையும் ஒன்றாக்கிக் குமரிக்கண்டப் படங்கள் வரையப்பட்டன. கரையோரம், மலை, ஆறு என அனைத்தும் அவற்றில் அமைந்தன. வரைந்தவர் கருதலாகவே வரைந்தனர். கண்டவர் காண்டலாகவே கொண்டனர். அதன்பின் படமே சான்றாயிற்று.

1912ஆம் ஆண்டில் வெகனர் கூறிய கண்டப்பெயர்ச்சிக் கருத்து, 1960களில் நிலத்தட்டுக் கொள்கையாக நிலைபெற்றது. மடகாசுகரும் இந்தியாவும் ஒருகாலத்து ஒட்டியிருந்து பின் விலகியவை என அறிந்தபின், இடையில் மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பித்தற்குத் தேவையின்று. சிளேட்டரின் வினாவிற்கு வேறு விடை கிடைத்துவிட்டது. விலங்கியலார் அப்பெயரை விட்டனர். நம்முட் பலர் இன்னும் விடவில்லை.

9. ஓவியத்தின் உண்மைப் பயன்

இவ்வாறு கூறுதலால் பழைய ஓவியங்கள் பயனற்றன என்பது எம் கருத்தன்று. காலின் மக்கென்சியின் மேற்பார்வையில் 1816ஆம் ஆண்டு தொடங்கி வரையப்பட்ட அமராவதிப் படங்களை எண்ணுக. அப்பெருந்தூபியின் கற்பலகைகள் பல பின்னர்ச் சிதறியும் அழிந்தும் போயின. அவற்றுட் சிலவற்றை இன்று நாம் அறிவது அப்படங்களாலேயே. அவை ஏன் நம்பத்தக்கன? வரைவித்தவர் இன்னார் என அறிவோம், காலம் அறிவோம், இடம் அறிவோம், அளந்து வரைந்தனர் என்பதும், எஞ்சிய கற்களோடு ஒப்பிட்டால் பொருந்துகின்றன என்பதும் அறிவோம்.

எனவே, ஓர் ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளுமுன் மாணவர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். வரைந்தவன் பொருளை நேரிற் கண்டானா? களத்தில் வரைந்தானா, நினைவிலிருந்து வரைந்தானா? அவன் பயின்ற ஓவிய மரபு எவற்றைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தந்தது? படம் கூறுவதை மண்ணோ கல்லோ எழுத்தோ தனித்து நின்று உறுதி செய்கின்றதா? நான்காம் வினாவிற்கு விடை இல்லையாயின், ஓவியம் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாகலாம், முடிபாகாது.

10. முடிவுரை

தமிழர்தம் பழமை இன்று உலக அறிஞர் அவையில் வழக்காடப்படும் பொருளாயுள்ளது. பூட் 1863ஆம் ஆண்டிலேயே கண்ட அத்திரம்பாக்கத்தில் நிகழ்ந்த அகழாய்வு, கைக்கோடரிப் பண்பாட்டை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்குக் கொண்டுசெல்கின்றது. இம்முடிபு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. சிவகளையின் இரும்பிற்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பை 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டது. இவற்றை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். ஆயினும், எந்த அடுக்கு, எந்தக் கரி, எந்த ஆய்வுக்கூடம் என வினவுவார்க்கு விடை உண்டு. விடையுள்ள சான்றுகளை விடையற்ற படங்களோடு ஒரே தட்டில் வைப்போமாயின், நம்மை ஐயுறுவார்க்கு நாமே வழிசெய்தவராவோம். கற்பனைப் படமொன்றைப் பாதுகாக்கப் புகுந்து உண்மைக் கல்லொன்றைத் தோற்றல் ஆராய்ச்சி நெறியன்று.

அன்றியும், கடலுள் நகரைத் தேடும் கண்கள் காலடி நிலத்தைக் காணத் தவறுகின்றன. பல்லாவரத்தில் கற்கருவிக்குப் பின் பெருங்கற்காலத்து ஈமப்பேழைகளும் கிடைத்துள்ளன. அவ்வூர்க் குடைவரையில் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குன்றத்தூர், சாணூர் எனச் சென்னையின் தென்புறத்தும் செங்கற்பட்டு நிலத்தும் ஈமச்சின்னங்கள் பரவியுள்ளன. தாம்பரமும் சேலையூரும் சூழ்ந்த இந்நிலப்பகுதியில் வீடுகளும் சாலைகளும் பெருகப் பெருக, பதிவு செய்யப்படாதன பதிவின்றியே அழியும். இவை மறைந்தபின் இவற்றிற்கு ஓர் ஓவியமும் இராது. எம் மாணவர் ஒரு விடுமுறை நாளில் ஏரிக்கரையையும் சரளைமேட்டையும் நடந்து பார்த்து, கண்டதை அளந்து, நாளிட்டு எழுதிவைப்பாராயின், அஃது இன்னொரு குமரிக்கண்டப் படத்தினும் தமிழுக்குப் பெருந்தொண்டாகும்.

மாமல்லையின் உளியோசை இன்றும் ஓயவில்லை. 1957ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசினர் கல்லூரியாக வளர்ந்துள்ளது. மாமல்லபுரக் கற்சிற்பத்திற்கு 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. முடியாது நின்ற பாறையின்மேற் பதிந்த உளித்தடத்தை அங்குள்ள சிற்பியிடம் காட்டினால், எந்த உளி, எந்தக் கோணம், அடுத்து எங்கே அடித்திருப்பான் என அவர் சொல்லிவிடுவார். மறைந்துபோன நாகரிகம் எனப் பிறர் பாடிய ஊரில், அந்நாகரிகம் கையில் உளியோடு அமர்ந்திருக்கின்றது. ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடம் அதுவே.